சந்தேகத்தின் பலன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆருஷி கொலை வழக்கைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பூட்டிய வீட்டில் நான்கு பேர். விடிந்தபோது மகள் ஆருஷியும் வேலையாளும் பிணம், பெற்றோர் இருவரும் உயிரோடு. இதற்கு மேல் என்ன சாட்சியம் வேண்டும்? கீழ்க்கோர்ட் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, ஹைகோர்ட் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என்று விட்டுவிட்டது. வசதி உள்ளவர்களுக்குத்தான் இந்தச் சந்தேகமெல்லாம் வருமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

2013 நவம்பரில் காசியாபாத் சிபிஐ கோர்ட் போட்டதும் உங்கள் கணக்குதான். அன்று நானும் தலையாட்டினேன். 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்தப் பெற்றோரை, தல்வார் தம்பதியை விடுவித்தபோது, இரு நீதிபதிகளில் ஒருவர், கீழ்க்கோர்ட் நீதிபதி கணக்கு வாத்தியார் மாதிரி நடந்துகொண்டார் என்றே எழுதினார்.

அந்தக் கணக்கில் முதல் வரியே தகராறு. வீட்டில் நான்கு பேர் மட்டும்தான் இருந்தார்கள் என்று யார் நிரூபிப்பது? தனக்கு மட்டுமே தெரிந்ததை அவரவர்தான் விளக்க வேண்டும் என்றது அன்று நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. சரி, ஆனால் வெளியாள் வந்திருக்க முடியாது என்று அரசுத் தரப்பு முதலில் காட்டியாக வேண்டும். காட்ட முடியவில்லை.

முடியாமல் போனது முதல் நாளே. 2008 மே 16 காலை நொய்டா போலீஸ் வந்தபோது மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி கிடைக்கவில்லை, பூட்டை உடைக்கவும் இல்லை. வேலையாள் ஹேம்ராஜ்தான் கொன்றுவிட்டு ஓடிவிட்டார் என்று அவரைத் தேடக் கிளம்பினார்கள். மறுநாள் உடைத்தால், மாடியில் அவர் உடல். ஒரு நாள் முழுக்க, செத்தவரே கொலைகாரர்! அதற்குள் பத்திரிகைக்காரர், உறவினர், அக்கம்பக்கம் என்று ஊரே அந்த வீட்டுக்குள் நடந்து முடித்திருந்தது.

அப்புறம் அந்தத் தலையணை உறை. வேறொரு வேலையாளின் அறையில் எடுத்த உறையில் ஹேம்ராஜின் ரத்தம் இருந்ததாக ஹைதராபாத் ஆய்வக அறிக்கை சொன்னது. 2011ல் சிபிஐ அதை டைப்பிங் தவறு என்றது. அந்த உறைக்கும் ஹேம்ராஜின் அறையில் எடுத்த உறைக்கும் எண்கள் இடம் மாறிவிட்டனவாம். அந்த ஆள்தான் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை, அவர்மேல் குற்றப்பத்திரிகையே கிடையாது. ஆனால் இப்படி ஒரு காகிதத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு 'சந்தேகத்துக்கு இடமில்லை' என்று எப்படி எழுதுவது? 2010 டிசம்பரில் போதிய ஆதாரமில்லை, வழக்கை முடிக்கலாம் என்று அறிக்கை கொடுத்ததும் இதே சிபிஐதான்.

வசதி பற்றிக் கேட்டது நியாயம். வசதி இருந்தும் அவர்கள் தாஸ்னா சிறையில் ஏறக்குறைய நான்கு வருடம் இருந்தார்கள். நல்ல வக்கீல் வைக்க முடியாதவன் வழக்கில், அந்தத் தலையணை உறையை யார் ஃபைலிலிருந்து உருவி எடுத்திருப்பார்கள்?