கேளுங்கள், சொல்கிறோம்: மேற்கை மூடியது யார்?

போட்டித் தேர்வுப் புத்தகத்தில் '1890-இல் அமெரிக்காவின் மேற்கு எல்லை மூடப்பட்டது' என்று இருக்கிறது. மூடியது யார்?
– வாசகி, தக்கலை

யாரும் மூடவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுத்தவர்கள் வரைபடத்தில் ஒரு கோடு போடுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அது நாட்டு எல்லையும் அல்ல. குடியேற்றம் எதுவரை வந்திருக்கிறது என்று காட்டும் கோடு. சதுர மைலுக்கு 2 பேராவது இருந்தால் குடியேறிய பகுதி, அதற்குக் குறைந்தால் காலி நிலம். நம் குமரி மாவட்டம் ஏறக்குறைய 645 சதுர மைல். களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை எல்லா ஊரும் சேர்த்து 1,300 பேர் இருந்தாலே அந்தக் கணக்கில் தேறிவிடும்! 1890-இல் மேற்கில் அங்கங்கே ஊர்கள் முளைத்து, கோடு துண்டு துண்டாகிப்போனது. இனி அப்படியொரு கோடு இருப்பதாகச் சொல்வதே கடினம் என்று எழுதிவிட்டார்கள். 1893-இல் சிகாகோவில் வரலாற்றாசிரியர் பிரடெரிக் ஜாக்சன் டர்னர் இதை வைத்துக் கட்டுரை வாசித்தார். உங்கள் புத்தகம்வரை வந்தது அந்த வழியில்தான். 'வரி கட்டாத' பழங்குடியினரை இந்த அடர்த்திக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலி என்று காட்டிய இடத்திலும் ஆள் இருந்தது.

அமெரிக்காவின் மேற்கில் குடியேறியவர்களுக்கு 160 ஏக்கர் நிலம் இலவசம் என்றார்களே, உண்மையா?
– வாசகர், மார்த்தாண்டம்

1862 சட்டப்படி உண்மை. 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ, மணமாகாத பெண் உட்பட, நில அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்கலாம். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர் அளவில். வீடு கட்டி, பயிரிட்டு, 5 ஆண்டு அங்கேயே குடியிருந்து, இரண்டு சாட்சிகளோடு போனால் பட்டா. காத்திருக்க முடியாதவர் 6 மாதம் கழித்து ஏக்கருக்கு 1.25 டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்; தரகர்கள் புகுந்த ஓட்டை இதுதான்.

160 ஏக்கர் என்றால் 16,000 சென்ட். 10 சென்டில் வீடும் நாலு தென்னையும் வைக்கிற நமக்கு அது பெரிய சொத்து. ஆனால் அமெரிக்காவின் நடுவே ஓடும் 100-ஆவது தீர்க்கரேகைக்கு மேற்கே பெரும்பகுதியில் ஆண்டு மழையே 20 அங்குலத்துக்குக் கீழே. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் எடுக்கும் மண்ணல்ல அது. அங்கே மாடு வளர்க்க ஒரு குடும்பத்துக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்று 1878-இலேயே நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் அறிக்கை கொடுத்தார். கேட்பாரில்லை. பலர் பட்டா வாங்கும் முன்பே வண்டி கட்டித் திரும்பினார்கள்.

ரப்பர் விளைக்கு முள்கம்பி போடுகிறோம். இந்தக் கம்பிதான் மேற்கை மூடியது என்கிறார்களே?
– வாசகர், குலசேகரம்

எங்களைக் கேட்டால், கணக்கெடுப்பைவிட நிலத்தை உண்மையில் அடைத்தது கம்பிதான். சமவெளியில் வேலிக்கு மரமும் கிடையாது, கல்லும் கிடையாது. முதலில் வந்த முள்கம்பிகளில் முள் கம்பியோடு வழுக்கி நகர்ந்துவிடும். ஒற்றைக் கம்பி குளிரில் சுருங்கி அறுந்துவிடும். இல்லினாய் மாநிலம் டிகால்பைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் 1874-இல் காப்புரிமை வாங்கிய கம்பியில், முள்ளை ஓர் இழையில் சுற்றி, இன்னோர் இழையைச் சேர்த்து முறுக்கினார். முள் இருந்த இடத்தில் நின்றது. முறுக்கு இருந்ததால் வெயிலுக்கும் குளிருக்கும் கம்பி ஈடு கொடுத்தது. இன்று உங்கள் விளையில் இருப்பதும் அதே முறுக்குதான்.

160 ஏக்கர் சதுரத்தின் சுற்றளவு 2 மைல். பதினாறரை அடிக்கு ஒரு தூண் வைத்தால் 640 தூண். மூன்று வரிசைக்கு 6 மைல் கம்பி. மூலைத் தூணுக்கு முட்டுக்கால் கொடுக்காவிட்டால் இழுவையில் அது உள்ளே சாயும், அந்தப் பக்கம் முழுக்கத் தொய்யும். இது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிக்கல் தண்ணீரில் வந்தது. ஊற்றை மட்டும் வளைத்துக் கட்டினால் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலம் முழுக்கக் கைக்குள். டெக்சாஸில் 1883-இல் இரவோடு இரவாகக் கம்பி வெட்டும் சண்டை மூண்டது. மறு ஆண்டு வேலி வெட்டுவது கடுங்குற்றமாயிற்று. அரசு நிலத்தை வளைத்தவர்கள்மேலும் 1885-இல் தடைச்சட்டம் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் பனிக்காற்றுக்கு முதுகு காட்டித் தெற்கே நகர்ந்த மாடுகள் வேலியில் முட்டி நின்றன. பின்னால் வந்தவை நெருக்க, நின்ற இடத்திலேயே செத்தன.

1890-க்குப் பிறகு இலவச நிலம் நின்றுவிட்டதா?
– வாசகர், கொல்லங்கோடு

இல்லை. அதற்குப் பிறகு பட்டா வாங்கியவர்கள்தான் அதிகம். வறண்ட பகுதிக்கு 1909-இல் 320 ஏக்கர், 1916-இல் மேய்ச்சலுக்கு 640 ஏக்கர் என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1934-இல் மேய்ச்சல் நிலம் அரசின் ஒழுங்குமுறைக்குள் வந்தது. இலவச நிலச் சட்டத்தை ரத்து செய்தது 1976-இல். அலாஸ்காவுக்கு மட்டும் 1986 வரை விட்டுவைத்தார்கள்.