பாஸை (கட்டத்தின் பெரிய எதிரியை) விட அதிகமாகப் படுத்தும் சாதா எதிரிகள்: கேள்வி பதில்

ரோல்-பிளேயிங் கேம்களில் அடிக்கடி எதிர்ப்பட்டு உயிரை எடுக்கும் எதிரிகளைப் பற்றி வந்த கேள்விகள். பதில் தேடும்போது ஒன்றை முதலில் பாருங்கள்: அந்த எதிரி உங்கள் ஹெல்த்தைக் குறிவைக்கிறதா, வேறு எதையாவதா?

கே: அண்ணா, டார்க் சோல்ஸ் முதல் பாகம். டெப்த்ஸ்ங்கிற பகுதியில தவளை மாதிரி ஒண்ணு புகை விட்டுச்சு, கல்லாகிச் செத்தேன். இப்ப ஹெல்த் பார் பாதிதான் இருக்கு. சேவ் கெட்டுப்போச்சா?

ப: சேவுக்கு ஒன்றும் ஆகவில்லை தம்பி. அது பாசிலிஸ்க், புகை சாபம். புகைக்குள் நிற்கும்வரை ஒரு மீட்டர் ஏறிக்கொண்டே இருக்கும். அது நிரம்பினால் ஹெல்த் எவ்வளவு இருந்தாலும் மரணம்தான். பான்ஃபயரில் (ஹெல்த்தை நிரப்பும் ஓய்விடத்தில்) உட்கார்ந்தாலும் சாபம் போகாது, சாபம் நீக்கும் பர்ஜிங் ஸ்டோன் வேண்டும். அன்டெட் பாரிஷ் பகுதியின் மணிக்கோபுரத்தில் நிற்கும் ஆஸ்வால்டிடம் வாங்கலாம்.

அடுத்த முறை தூரத்திலிருந்து வில்லால் ஒவ்வொன்றாக இழுத்து அடியுங்கள். அது புகை விடத் தொடங்கியதும் பின்னால் உருண்டு, புகை கலையும்வரை காத்திருங்கள். வெளியே வந்துவிட்டால் மீட்டர் தானாக இறங்கும். இன்னும் ரெண்டு அடி அடித்துவிடலாம் என்று புகைக்குள் நிற்பதில்தான் பெரும்பாலோர் சாகிறார்கள். தலைமேல் உருண்டு நிற்கும் பெரிய கண்கள் கண்களே அல்ல, நிஜக் கண்கள் கீழே சின்னதாக இருக்கும்.

கே: அதே கேம், அனோர் லோண்டோ. விளிம்புல நிக்கிற ரெண்டு சில்வர் நைட் வில்லாளிகள். இருபது தடவை விழுந்தாச்சு.

ப: அங்கே உங்களைக் கொல்வது அம்பின் டேமேஜ் இல்லை, அது தள்ளும் தள்ளுதான். ஷீல்டில் தாங்கினாலும் பின்னால் தள்ளி விளிம்பைத் தாண்டவைத்துவிடும். அதனால் நின்று தடுக்காதீர்கள். முதலில் கவசத்தைக் கழற்றி எடையை 25 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். ஏறும் சரிவில் எங்கும் நிற்காமல் ஓடி, மேலே போனதும் வலது பக்க நைட்டை நோக்கித் திரும்புங்கள். கிட்டே போனால் அவன் வில்லை விட்டு வாளை எடுப்பான். அந்த இடத்தில் இடது பக்கத்தவனின் அம்பைச் சுவர் மறைத்துக்கொள்ளும். இனி ஷீல்டைத் தூக்கலாம். ஒற்றைக்கு ஒற்றை, அவசரமே இல்லை. பாரி (அடி விழும் நொடியில் ஷீல்டால் தட்டிவிடுவது) செய்யத் தெரிந்தால் இன்னும் சுலபம்.

கே: மாரோவிண்ட் இப்பதான் ஆரம்பிச்சேன். க்ளிஃப் ரேசர் தலைக்கு மேல கத்திட்டே வருது, என் வாள் அதுமேல படவே மாட்டேங்குது. இது கேம்ல இருக்கிற பக் (கோளாறு) தானா?

ப: பக் இல்லை. 2002-இல் வந்த இந்தக் கேமில் வாள் உடம்பைத் தொட்டாலும், அடி விழுந்ததா என்பதைக் கணக்குதான் முடிவுசெய்யும். ஆயுதத் திறனோடு அஜிலிட்டியில் ஐந்தில் ஒரு பங்கையும் லக்கில் பத்தில் ஒரு பங்கையும் கூட்டி, ஃபட்டீக் (களைப்பைக் காட்டும் பச்சை பார்) அளவால் பெருக்கும். பச்சை பார் நிறைந்திருந்தால் 1.25, காலியாக இருந்தால் 0.75. நீங்கள் ஊருக்கு ஊர் ஓடியே போகிறீர்கள், ரேசர் வரும்போது பார் காலி. கத்தல் கேட்டதும் நின்றுவிடுங்கள். பாறைக்கு முதுகு காட்டி நின்று, அது இறங்கி வரட்டும் என்று விடுங்கள். கேரக்டர் உருவாக்கும்போது மேஜர் ஸ்கில்லாக (முக்கியத் திறனாக) எடுத்த ஆயுதத்தை மட்டும் பிடியுங்கள். கிடைத்த கோடரி அழகாக இருக்கிறது என்று மாற்றினால் மறுபடியும் காற்றைத்தான் வெட்டுவீர்கள்.

கே: போகிமான் குகையில் ஜூபாட் (வௌவால் போகிமான்) தொல்லை?

ப: காட்டுப் போகிமானை விரட்டும் ரீபெல் பயன்படுத்துங்கள்: சாதா ரீபெல் நீங்கள் நடக்கும் 100 காலடி வரை வேலை செய்யும், சூப்பர் 200, மேக்ஸ் 250. உங்கள் அணியில் முதல் இடத்தில் இருக்கும் போகிமானை விட லெவல் குறைந்தவை மட்டும்தான் வராது, அதனால் பலமானதை முன்னால் வையுங்கள். சண்டையில் உங்கள் போகிமானுக்குக் குழப்பம் பிடித்தால் வேறொன்றை மாற்றி அதை உள்ளே அழையுங்கள், உடனே தெளியும்.

கே: எல்டன் ரிங்கில் பல கைகளோடு தரையிலிருந்து எழும் ராயல் ரெவனன்ட். உருளவே இடம் தரமாட்டேன் என்கிறது சார்.

ப: அதன் தாக்குதலை மனப்பாடம் செய்ய வேண்டாம். குணப்படுத்தும் மந்திரம் அதற்கு விஷம். ரவுண்ட் டேபிள் ஹோல்டில் பொருள் விற்கும் ட்வின் மெய்டன் ஹஸ்க்ஸிடம், மந்திரம் போடத் தேவையான ஃபிங்கர் சீல் கிடைக்கும், விலை 800 ரூன் (கேமின் பணம்). அங்கேயே கார்ஹினிடம் ஹீல் மந்திரம் வாங்கலாம். உங்கள் கேரக்டரின் ஃபெய்த் புள்ளி 12 இருந்தால் போதும். அது கிட்டே வரும்வரை பொறுத்துப் போடுங்கள், எட்டத்தில் போட்டால் வீண். பட்டதும் தடுமாறி நிற்கும், அப்போதே அடுத்ததைப் போடுங்கள். எஃப்பி (மந்திர சக்தி) நிரப்பும் ஃபிளாஸ்க் ஒன்றிரண்டு கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு போங்கள்.