வாட்ஸ்அப்பில் வந்த கட்டளை ஏன் ஓடவில்லை?

கேள்வி: காசிமேட்டில் மூன்று விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஏலத்தொகை, டீசல், ஐஸ் எல்லாவற்றையும் மாதவாரியாகக் கூட்ட என் அண்ணன் பையன் பைதான் என்ற நிரல் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதிக் கொடுத்தான். இப்போது அவன் வெளியூரில் வேலையில் இருக்கிறான். வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பும் கட்டளையைக் காப்பி செய்து ஒட்டினால் 'அன்ரெகக்னைஸ்டு ஆர்க்யுமென்ட்ஸ்' என்று வருகிறது. அப்புறம், படகு மாறும்போதெல்லாம் கோப்பைத் திறந்து எண்ணை மாற்ற வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்தே சொல்ல வழி இருக்கிறதா சார்?

பதில்: வழி இருக்கிறது. முதலில் அந்தப் பிழைச் செய்தியைப் பார்ப்போம், ஏனென்றால் அதில் நல்ல சேதியும் இருக்கிறது. பைதான் உங்கள் கணினியில் சரியாக இருக்கிறது, ஸ்கிரிப்டும் ஓடத் தொடங்கிவிட்டது. நீங்கள் கொடுத்ததில் ஏதோ ஒன்று புரியவில்லை என்று ஸ்கிரிப்ட்தான் சொல்கிறது. எது புரியவில்லை என்பதையும் அதே வரியில், முக்காற்புள்ளிக்கு (:) அப்புறம், எழுதிக் காட்டியிருக்கும். பெரும்பாலானவர்கள் படிக்காமல் விடுவது அந்தக் கடைசித் துண்டைத்தான்.

உங்கள் கட்டளை இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம் (இங்கே தமிழில் எழுதுகிறேன், கணினியில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்):

பைதான் கணக்கு.பிஒய் "ஜூலை ஏலம்.சிஎஸ்வி" --மாதம் 7

மாதத்துக்கு முன்னால் இருப்பவை இரண்டு சின்னக் கோடுகள். இப்படிக் கோட்டோடு தொடங்கும் சொல்லுக்கு ஆப்ஷன் என்று பெயர். ஐபோனிலோ வேர்டிலோ இவற்றை அடித்தால் இரண்டையும் சேர்த்து ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். பார்வைக்கு அழகுதான், ஆனால் பைதானுக்கு அது ஆப்ஷன் இல்லை, ஏதோ ஒரு சொல். மேற்கோள் குறிக்கும் இதே கதி: நேராக இருந்தது வளைந்துவிடும். வளைந்த மேற்கோளைக் கமாண்ட் ப்ராம்ப்ட் (நீங்கள் கட்டளை அடிக்கும் திரை) மேற்கோளாகவே எடுத்துக்கொள்ளாது. 'ஜூலை' ஒரு துண்டு, 'ஏலம்.சிஎஸ்வி' இன்னொரு துண்டு என்று இடைவெளியில் வெட்டிவிடும். இரண்டுக்கும் வருவது இதே பிழைச் செய்திதான். ஆகவே ஒட்டியபின் கோடுகளையும் மேற்கோளையும் அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள். சரியாக ஓடிய கட்டளையை நோட்பேடில் வைத்துக்கொண்டால் அடுத்த மாதம் வாட்ஸ்அப் பக்கமே போக வேண்டாம். கோப்புப் பெயரில் இடைவெளி விடாமல் இருந்தால் மேற்கோள் தொல்லையும் இல்லை.

என்னென்ன ஆப்ஷன் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அண்ணன் பையனுக்குப் போன் போட வேண்டியதில்லை. 'பைதான் கணக்கு.பிஒய் -எச்' என்று அடித்தால் ஸ்கிரிப்டே பட்டியல் போடும். அதில் சதுர அடைப்புக்குள் இருப்பவை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சரி. அடைப்பில்லாதவை கட்டாயம். இதில் இடம் முக்கியம். ஸ்கிரிப்ட் பெயருக்கு முன்னால் '-எச்' போட்டால் பைதான் தன்னுடைய உதவியைத்தான் காட்டும். பெயருக்கு முன்னால் வருவது பைதானுக்கு, பின்னால் வருவது ஸ்கிரிப்டுக்கு. எந்த ஆப்ஷனுக்கும் இதே கணக்குதான்.

இனி படகு விஷயம். அந்தப் பிழைச் செய்தியின் சாயலைப் பார்த்தால் ஸ்கிரிப்டில் ஆர்க்பார்ஸ் (கட்டளையில் எழுதும் ஆப்ஷன்களைப் பிரித்துப் படிக்கும் பைதான் பகுதி) இருக்கிறது என்று நினைக்கிறேன். அது பைதான் 3.2 முதல் கூடவே வருவது, தனியாக நிறுவ வேண்டாம். மாதத்துக்கு ஒரு வரி இருக்கும். அதன் கீழே இதைச் சேருங்கள்:

பார்சர்.ஆட்_ஆர்க்யுமென்ட்("--படகு", டைப்=இன்ட், சாய்சஸ்=[1, 2, 3])

பிறகு, ஸ்கிரிப்டில் படகு எண்ணைக் கையால் எழுதிய இடத்தில் 'ஆர்க்ஸ்.படகு' என்று வைத்தால் போதும். ('பார்சர்', 'ஆர்க்ஸ்' இவற்றுக்கு அவன் வேறு பெயர் வைத்திருந்தால் அதைப் போடுங்கள்.) சாய்சஸ் இருப்பதால் தவறி 4 என்று அடித்தால் அங்கேயே நிறுத்திவிடும்.

'டைப்=இன்ட்' (எண்ணாக மாற்று என்று பொருள்) என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கட்டளை வரியில் அடிப்பது எல்லாம் பைதானுக்கு எழுத்தாகத்தான் போய்ச் சேரும். எழுத்தான 7-ம் எண்ணான 7-ம் அதற்கு வேறு வேறு. சாய்சஸ் உள்ள படகு வரியில் இதை விட்டால் சரியான எண்ணை அடித்தாலும் பிழை என்று நின்றுவிடும். சாய்சஸ் இல்லாத வரியில், மாதம் அப்படி இருந்தால், கோப்பிலிருந்து எண்ணாக எடுத்ததை எழுத்தோடு ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது, பிழையும் வராது. கூட்டுத்தொகை பூஜ்ஜியம் என்று சாதுவாக வந்து நிற்கும். சத்தம் போட்டு நிற்கும் பிழையைவிட இதுதான் ஆபத்து. அதுவும் உங்கள் தொழிலில்! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்துக்கு ஏலத்தொகை பூஜ்ஜியம் வந்தால் அது சரியான விடை. ஜூலைக்கு வந்தால் கோளாறு. இரண்டையும் பிரித்தறிய, எத்தனை வரிகளைப் படித்தது, அதில் எத்தனை பொருந்தின என்று கடைசியில் அச்சிடச் சொல்லுங்கள். நூற்றுக்கணக்கில் படித்து ஒன்றும் பொருந்தவில்லை என்றால் ஜூலையில் சந்தேகப்பட வேண்டியதுதான்.

டீசல் செலவைச் சேர்க்காமல் பார்க்க ஓர் ஆப்ஷன் வேண்டும் என்று தோன்றலாம். அப்போது 'டைப்=பூல்' (ஆமாம்/இல்லை வகை) போடாதீர்கள். 'ஃபால்ஸ்' என்று அடித்தாலும் அது காலி இல்லாத எழுத்து என்பதால் பைதான் ஆமாம் என்றே எடுத்துக்கொள்ளும். 'ஆக்‌ஷன்="ஸ்டோர்_ட்ரூ"' போடுங்கள். ஆப்ஷனை எழுதினால் ஆமாம், எழுதாவிட்டால் இல்லை.

இதற்கு மேலும் சிக்கினால் அண்ணன் பையனுக்குத் திரையைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். நீளக் கோடா குட்டைக் கோடா என்று போட்டோவில் தெரியாது. நீங்கள் அடித்த கட்டளை, திரையில் வந்த பதில் முழுவதும், 'பைதான் --வெர்ஷன்' காட்டும் எண், இந்த மூன்றையும் திரையிலிருந்து காப்பி செய்து நோட்பேடில் ஒட்டி, அந்தக் கோப்பையே அனுப்புங்கள்.