ஆறடி விளிம்பு

அன்புள்ள ஐயா,

நான் தில்லி மயூர் விகாரில் வசிக்கிறேன். ஓக்லா பறவைகள் சரணாலயத்தில், நீரோரம் உள்ள மறைவிடத்தில் மூன்று ஞாயிறுகளாகக் காலையில் போய் உட்கார்ந்தும் மஞ்சள் குருகு என்ற சிறிய கொக்கினப் பறவை கண்ணில் படவில்லை. அதன் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டால் வெளியே வரும் என்று நண்பர் சொன்னார். போன வாரம் செய்தும் பார்த்தேன், பயனில்லை. நல்ல பைனாகுலர் வாங்கினால் தென்படுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சம்பங்கோரையில் ஒளிந்து வாழும் பறவைகளைப் பற்றி எழுத உட்கார்ந்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. பைனாகுலரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; கையிலிருப்பது 8 மடங்கு பெருக்கிக் காட்டினால் அதுவே போதும். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்தக் கைபேசிதான் என்னை உறுத்துகிறது.

மழைக்காலத்தில்தான் மஞ்சள் குருகு தில்லிப் பக்கம் வந்து, தண்ணீருக்குச் சற்று மேலே கோரைத் தாள்களை வளைத்துக் கூடு கட்டுகிறது; ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன. அப்போது நீங்கள் ஒலிக்கவிடும் குரலை, தன் எல்லைக்குள் இன்னொரு குருகு புகுந்துவிட்டதாகவே அது எடுத்துக்கொள்ளும். இல்லாத எதிரியைத் தேடி அது அலைகிற நேரமெல்லாம் இரை தேடாத நேரம், கூட்டைவிட்டு விலகிய நேரம். திறந்து கிடக்கும் முட்டையைக் கண்டுகொள்ளக் காகத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? வெளியே வரவில்லையே, அதனால் தீங்கில்லை என்று எண்ணாதீர்கள். பதற்றத்தோடு உள்ளேயே ஒடுங்கியிருந்திருக்கலாம். பறவைமேல் இத்தனை பிரியம் உள்ள நீங்களே இதைச் செய்யலாமா? நாம் ஒளிந்துகொள்ளக் கட்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு அதை ஏமாற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை.

1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த நீர்நிலைக்குச் சில ஆண்டுகள் கழித்து என்னை முதலில் அழைத்துப்போனவர், கரோல் பாகில் எங்கள் மாடியில் குடியிருந்த, அஞ்சல் துறையில் ஓய்வுபெற்ற தஞ்சாவூர்க்காரர். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். "தண்ணி முழுக்கக் கண்ணை மேயவிடாதே, ஆறடி பார்" என்று, கோரை முடிந்து தண்ணீர் தொடங்கும் ஒரு விளிம்பைக் காட்டினார். ஒன்றரை மணி நேரம் அந்த ஆறடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் கால் மரத்துப்போயிருந்த நேரத்தில், எதிரே நின்ற தாள்களில் ஒன்றுக்குக் கண் இருப்பது தெரிந்தது. அலகை வானத்துக்கு நிமிர்த்திக் கழுத்தை நீட்டி நின்றது குருகு. அந்த அலகின் இரு புறமும் மஞ்சள் கண்கள் கீழ்நோக்கி எங்களையே பார்த்தன. காற்று வந்தபோது கோரையோடு சேர்ந்து அதுவும் அசைந்தது, காற்று நின்றதும் நின்றது. மாமா என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். வெகுநேரம் கழித்துக் கழுத்து மெல்லச் சுருங்கியது. நீண்ட விரல்களால் இரண்டு தாள்களைப் பற்றி, தண்ணீரில் கால் படாமலே நகர்ந்து, ஒரு சிறு மீனைக் கொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டது.

வரும் ஞாயிறும் போங்கள். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, மங்கிய நிறத்தில் சட்டை அணிந்து, ஒரு விளிம்பைத் தேர்ந்துகொண்டு உட்காருங்கள். தென்படாவிட்டாலும் எனக்கு எழுதுங்கள்.