இரண்டு சோடி கையுறை போட்டும் விரல் விறைக்கிறதா?

கேள்வி: கந்தப்பளையிலிருந்து விடியற்காலையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு 125 சிசி பைக்கில் நுவரெலியாவுக்குப் போகிறேன். இரண்டு சோடி கையுறை போட்டும் பாதி வழியில் விரல் விறைத்து, கிளட்ச் பிடிக்க முடிவதில்லை. சூடேறும் கிரிப் வாங்கிப் பூட்டலாமா?

பதில்: கிரிப் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் அந்த இரண்டாவது சோடியைக் கழற்றுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இறுக்கிப் போட்டால் விரல் நுனிக்கு இரத்தம் போவது குறையும், சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றுக்கும் உள்ளே இடமிருக்காது. உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை, வெளியே காற்றும் தண்ணீரும் புகாத, ஓரளவு பெரிய கையுறை. இது போதும். போட்டபின் விரல்கள் தாராளமாக மடங்க வேண்டும். பருத்தி வேண்டாம், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

உங்களை வாட்டுவது குளிரைவிடக் காற்றுதான். தை, மாசியில் விடியப்புறம் 5 பாகை செல்சியஸ் இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீற்றரில் போனால், வெறுந்தோலுக்கு அது ஏறத்தாழ -1 பாகை போல உறைக்கும். அதனால் நான் முதலில் செலவழிக்கச் சொல்வது ஹேண்டிலுக்கு முன்னால் பூட்டும் கைமறைப்புக்கு. எண்ணெய்க் கேனை வெட்டிப் பூட்டினாலும் காற்று நிற்கும். ஆனால் பூட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். பிரேக்கும் கிளட்சும் எங்கேயும் தட்டாமல் முழுக்க அழுந்த வேண்டும், எக்சிலேட்டர் கையை விட்டதும் தானாகத் திரும்ப வேண்டும். இதில் கொஞ்சம் பிசகினாலும் இறக்கத்தில் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது நெஞ்சு. கை விறைக்கும்போது நெஞ்சை யாரும் நினைப்பதில்லை. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற உடம்பே கைக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். காற்றுப் புகாத ஜெக்கட் இல்லையென்றால், இருக்கிற ஜெக்கட்டுக்குள் நெஞ்சை மறைத்துப் பழைய பத்திரிகையை நாலாக மடித்து வையுங்கள். கழுத்தைச் சுற்றி ஒரு மப்ளர். கையுறைக்கும் ஜெக்கட் கைக்கும் நடுவில் மணிக்கட்டு தெரியவே கூடாது. அங்கே இரத்தக்குழாய்கள் தோலுக்கு மிகக் கிட்ட ஓடுகின்றன.

சரி, கிரிப். நல்ல பொருள்தான். ஆனால் அது உள்ளங்கையைத்தான் சூடாக்கும், காற்று அடிப்பதோ விரலின் வெளிப்பக்கத்தில். மறைப்பில்லாமல் கிரிப் மட்டும் பூட்டினால் காசுக்கேற்ற பலன் கிடைக்காது. பல கிரிப்புகள் 30, 40 வொட் இழுக்கும். ஹெட்லைட்டும் எரியும் நேரத்தில் சிறிய பைக்கின் சார்ஜிங் அதற்குத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பினால் மட்டும் மின் போகும்படி ரிலே வைத்துப் பூட்டவேண்டும், இல்லாவிட்டால் பற்றரி இறங்கிவிடும்.

வழியில் விறைத்தால் ஓரமாக நிறுத்தி, கையை அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். சைலன்சரில் காய்ச்ச வேண்டாம். மரத்துப்போன விரலுக்குச் சுடுவது தெரியாது. அப்புறம், விரல் வெள்ளையாகி, நீலமாகி, சூடேறும்போது சிவந்து கடுத்தால், அதுவும் அடிக்கடி அப்படி வந்தால், வைத்தியரிடம் காட்டுங்கள். புகைபிடிக்கிறீர்கள் என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், நிக்கொட்டின் விரலின் இரத்தக்குழாய்களை இன்னும் சுருக்கும்.