சிங்க், செலினியம் மாத்திரை போட்டால் விந்தணு கூடுமா? பெயின்ட் வேலை பாதிக்குமா?

உங்கள் கேள்வியில் முக்கால்வாசி மாத்திரையைப் பற்றித்தான் இருக்கிறது. கடைசியில் போகிற போக்கில் "கார் பட்டறையில் ஸ்ப்ரே பெயின்டராக இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்குவேன். ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் விந்து பரிசோதனை செய்வது என் வேலை. வருகிறவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று கேட்பார்கள். பகலெல்லாம் எதைச் சுவாசிக்கிறோம் என்று யாரும் தாமாகச் சொல்வதில்லை.

முதலில் உங்கள் ரிப்போர்ட். மில்லிக்கு 90 லட்சம் விந்தணு, அசைவும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தந்த கீழ் வரம்பு மில்லிக்கு 1.6 கோடி. குழந்தை பெற்ற ஆண்களிலேயே 100-க்கு 5 பேர் அதற்குக் கீழே இருக்கிறார்கள். அப்படித்தான் அந்த வரம்பையே வகுத்தார்கள். ஆகவே இது குறைவுதான், ஆனால் கதவு மூடிவிடவில்லை.

வேலையிடத்து வேதிப்பொருள் ஆண்மையை என்ன செய்யும் என்பதற்கு மருத்துவ உலகம் இன்றும் காட்டும் சம்பவம் 1977-இல் கலிஃபோர்னியாவின் லேத்ராப் ஊரில் நடந்தது. அங்கே ஒரு பூச்சிக்கொல்லி ஆலை. ஒரே பிரிவில் வேலை பார்த்த ஆண்கள் பேசிக்கொண்டிருந்தபோது, தங்களில் பலருக்குக் கொஞ்ச காலமாகக் குழந்தையே பிறக்கவில்லை என்று கவனித்தார்கள். பரிசோதித்துப் பார்த்தால் பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு ஒன்றுகூட இல்லை. காரணம் டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி, அதாவது மண்ணில் பயிர் வேரைத் தாக்கும் நுண்புழுக்களைக் கொல்லும் மருந்து. நெமகான் என்ற பெயரில் விற்றது. விந்தணு மில்லிக்கு 10 லட்சத்துக்கும் கீழே போயிருந்தவர்கள் குறைந்தது 3 ஆண்டுகள் அதைக் கையாண்டவர்கள். 4 கோடிக்கு மேல் இருந்தவர்களில் ஒருவரும் 3 மாதத்துக்கு மேல் அதன் பக்கத்தில் இருந்ததில்லை.

எனக்கு இதில் ஆறாத கோபம் ஒன்று உண்டு. இந்த மருந்து எலிகளின் விரையைச் சுருக்குகிறது என்று 1961-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை வந்துவிட்டது. பதினாறு ஆண்டுகள் யாரும் தொழிலாளர்களைச் சோதிக்கவில்லை. அமெரிக்கா கட்டுப்படுத்திய பிறகும் மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களில் அது ஓடியது. கோஸ்டா ரிகாவில் ஆயிரக்கணக்கான ஆண்கள் மலடானார்கள். இந்தியாவில் 1989-இல் தடை செய்தார்கள்.

டிபிசிபி இவ்வளவு கொடுமை செய்ததற்குக் காரணம், அது விந்தணுவை உண்டாக்கும் மூல செல்லையே அழித்தது. அதனால்தான் ஒன்றுமே இல்லாமல் போனவர்களில் பலருக்குப் பின்னாலும் திரும்பவில்லை. எல்லாப் பொருளும் அப்படியல்ல. பல பொருள்கள் பாதி வளர்ந்த விந்தணுவைத்தான் தாக்கும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், பிறகு முதிர்ந்து வெளியே வர ஒன்றிரண்டு வாரம். மூல செல் உயிரோடு இருந்தால், தொடர்பை நிறுத்தி மூன்று மாதத்துக்குமேல் காத்திருந்தால் புது வரிசை வரும்.

இப்போது உங்கள் பட்டறைக்கு வருகிறேன். பெயின்ட், லேக்கர், சில தின்னர்களில் கிளைக்கால் ஈதர் என்ற கரைப்பான்கள் சேர்ப்பார்கள். அமெரிக்காவில் ஒரு கப்பல் கட்டும் தளத்தின் பெயின்டர்களை 1980-களில் பரிசோதித்தபோது விந்தணு குறைந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தார்கள். அவர்கள் கையாண்டது இந்த வகைதான். மூக்கு வழியாக மட்டும் போவதில்லை, தோல் வழியாகவும் நன்றாக இறங்கும். சாயங்காலம் கை கழுவத் தின்னரில் நனைத்த வேஸ்ட் துணியால் முழங்கை வரை துடைக்கிற பழக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. அதை இன்றே விடுங்கள். கர்ச்சீப்பும் துணி மாஸ்க்கும் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய ரெஸ்பிரேட்டர் வேண்டும்.

உலோகங்களும் இருக்கின்றன. ஈயம்: பழைய பேட்டரித் தட்டு உருக்குகிற இடங்களில் வேலை பார்ப்பவர்களிடம் எண்ணிக்கை, அசைவு, வடிவம் மூன்றும் கெடுவது 1970-களிலிருந்தே பதிவாகியிருக்கிறது. பழைய பெயின்டைச் சுரண்டித் தேய்க்கும்போது கிளம்பும் தூசியிலும் ஈயம் இருக்கலாம், உங்களுக்கு அதுவும் பொருந்தும். கேட்மியம்: நகைக்கடைகளில் கேடிஎம் என்று சொல்லி விற்றார்களே, அந்த நகையைப் பற்றவைக்கக் கேட்மியம் சேர்த்தார்கள். ஊதுகிறபோது வரும் புகை பொற்கொல்லர்களின் உடலுக்குக் கேடு என்பதால்தான் அது தடை செய்யப்பட்டது. பட்டறைப் பக்கமே போகாதவருக்குக் கேட்மியம் சிகரெட்டில் கிடைக்கும். உடம்பில் ஏறினால் சிறுநீரகத்தில் பத்து, இருபது ஆண்டு தங்கும்.

பிளாஸ்டிக்கைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பிளாஸ்டிக்கில் இருக்கும் தாலேட், பிஸ்ஃபீனால் என்ற வேதிப்பொருள்கள் பற்றி ஆய்வுகள் ஏராளம், முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் வாங்காமல் இருப்பது நல்லது. அதைத் தாண்டி, உங்கள் நிலையில் அது முதல் கவலை இல்லை.

இனி மாத்திரை. சிங்க் வேண்டாத பொருள் அல்ல. பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் 1950-களின் கடைசியில் ஈரானின் ஷிராஸ் நகரில், இருபது வயது தாண்டியும் சிறுவர்களைப் போல வளர்ச்சி நின்று, விரையும் வளராத ஆண்களைப் பார்த்தார். ரொட்டியைத் தவிர வேறு எதுவும் அதிகம் தின்னாதவர்கள், மண் தின்கிறவர்கள். பிறகு எகிப்தில் இதே நிலையில் இருந்தவர்களுக்குச் சிங்க் கொடுத்ததும் உயரமும் வளர்ந்தது, பருவமும் வந்தது. செலினியமும் அப்படியே: விந்தணுவின் நடுப்பகுதியைக் கட்டி நிறுத்தும் புரதத்தில் அது இருக்கிறது. குறைந்தால் வால் பலவீனப்படும்.

ஆனால் குறைபாடு இல்லாதவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால்? அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்துப் பார்த்தார்கள். ஆண்களில் ஒரு பாதிக்குத் தினம் 30 மில்லிகிராம் சிங்க், 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம், 6 மாதத்துக்கு. மறு பாதிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. 2020-இல் முடிவு வந்தது. எண்ணிக்கை, அசைவு, வடிவம் எதிலும் வித்தியாசம் இல்லை, குழந்தை பிறந்த விகிதமும் ஒன்றுதான். மருந்து சாப்பிட்டவர்களின் விந்தணுவில் டிஎன்ஏ உடைவு சற்று அதிகமாகவே இருந்தது, வயிற்றுத் தொல்லையும் கூட. மாதம் ஆயிரக்கணக்கில் இதற்குச் செலவழிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். முட்டை, மீன், கொண்டைக்கடலை, எள் இதெல்லாம் சாப்பிடுகிறவருக்குக் கடைக்காரர் சொல்லும் மாத்திரை தேவைப்படுவது அரிது. சிங்க்கை அளவுக்கு மேல் நெடுநாள் போட்டால் உடம்பில் செம்பு குறையும், அது இன்னொரு வம்பு.

செய்ய வேண்டியது இது. நீங்கள் பயன்படுத்தும் பெயின்ட், தின்னர், ஹார்டனர் டின்களின் லேபிளைப் போனில் படம் பிடித்து ஆண்ட்ராலஜிஸ்ட்டிடமோ (ஆண்களின் இனப்பெருக்க மருத்துவர்) யூராலஜிஸ்ட்டிடமோ (சிறுநீரக, சிறுநீர்ப்பாதை மருத்துவர்) காட்டுங்கள். ரத்தத்தில் ஈய அளவு பார்க்கலாமா என்று கேளுங்கள். வெரிகோசில், அதாவது விரைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருப்பது, இருக்கிறதா என்றும் அவர் பார்ப்பார். எல்லாப் பழியையும் பெயின்ட் மேல் போட்டுவிட முடியாது. 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு இன்னொரு சாம்பிள் கொடுங்கள், ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது. பாதுகாப்போடு வேலை செய்து மூன்று, நான்கு மாதம் கழித்து மறுபடி ஒன்று.

ஜிம்முக்குப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஸ்டீராய்டோ போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விரைக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும், எண்ணிக்கை பூஜ்ஜியம் வரைகூட இறங்கும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், பல மாதம் ஆகும். வீட்டம்மா பக்கத்தில் இருப்பதால் சொல்லக் கூச்சமாக இருந்தால், அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டாவது சொல்லிவிடுங்கள்.