10 வருட வாரண்டி, ஆறாவது மாதமே ஒழுகல்: கார் ஷெட் கூரைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: வணக்கம் ஐயா. வீட்டை ஒட்டி கான்கிரீட் தளம் போட்ட கராஜ் ஒன்று இருக்கிறது. 14 மாதங்களுக்கு முன்பு அதன் மேல்தளத்துக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்தோம். மெட்டீரியல், கூலி இரண்டும் ஒரே ஒப்பந்ததாரர். 10 வருட வாரண்டி என்றார். ஆறாவது மாதம் பெய்த மழையிலேயே ஒழுக ஆரம்பித்தது. ஒருமுறை வந்து மேலே எதையோ பூசிவிட்டுப் போனார். அடுத்த மழையில் மறுபடியும் ஒழுகியது. இப்போது போனை எடுப்பதே இல்லை. பூச்சைத் தயாரித்த நிறுவனமோ, "மெட்டீரியலுக்கு மட்டும்தான் எங்கள் வாரண்டி, பூசியதில் தவறு என்றால் நாங்கள் பொறுப்பில்லை" என்கிறது. தளத்திலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டி, காரின் பெயின்ட் பாழாகிவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு வேறு மெட்டீரியல் போடுவதா, மேலே ஷீட் கூரை போட்டுவிடுவதா என்று யோசிக்கிறோம். கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் தயவுசெய்து இப்போதைக்கு எதையும் சுரண்டாதீர்கள். இந்த வழக்கில் உங்களுக்கு இருக்கும் பெரிய சாட்சி அந்தப் பூச்சுதான். அதை எடுத்துவிட்டு வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி "என் வேலை எங்கே, காட்டுங்கள்" என்பதாகத்தான் இருக்கும்.

அப்புறம், 'கராஜ்' என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டு உபயோகத்துக்கான கார் ஷெட் என்று எடுத்துக்கொள்கிறேன். வண்டி பழுது பார்க்கும் பட்டறை என்றால் கதை வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(7)படி, வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் பொருள் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதில் விலக்கு உண்டு.

உங்கள் விஷயம் சேவைக் குறைபாடு. வீடு கட்டும் பணியும் 'சேவை'க்குள் அடங்கும் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. இப்போதைய சட்டத்தின் பிரிவு 2(42)-லும் அது இருக்கிறது. வாரண்டியை வாய்வார்த்தையாகச் சொன்னாரா, எழுதிக் கொடுத்தாரா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. வாய்வார்த்தை ஒப்பந்தமும் செல்லும், நிரூபிப்பதுதான் பாடு. கொட்டேஷன், வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் உரையாடல், வேலை நடந்தபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் திரட்டி வையுங்கள். போனை மாற்றும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். வாட்ஸ்அப் போன்ற மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது அதோடு ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும், அப்போது அது பதிவான மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. பில் தரவே இல்லை என்றால் கவலை வேண்டாம். பில் தராததையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது இந்தச் சட்டம்.

காலக்கெடுவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிரிவு 69-இன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கலாக வேண்டும். 10 வருட வாரண்டி என்பதற்காக 10 வருடம் காத்திருக்க முடியாது. முதல் ஒழுகல் தெரிந்த நாளையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் உங்களுக்கு ஏறக்குறைய 16 மாதம் மிச்சம் இருக்கிறது. இடையில் அவர் வந்து ஒட்டுப்போட்டதால் கெடு புதிதாகத் தொடங்கும் என்று வாதிடலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கெடு நீளும் என்று நினைப்பவர்களும் உண்டு. நீளாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஒப்பந்ததாரர், தயாரிப்பு நிறுவனம் இருவருக்கும் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். ஒழுகும் இடங்களின் படங்களை இணைத்து, 15 நாளுக்குள் சரிசெய்யும்படி கேளுங்கள். குறிப்பிட்ட ஒரு தேதியில் தளத்தைப் பார்வையிட வரும்படியும் அழையுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டாலும் அதே தேதியில் ஒரு சிவில் பொறியாளரைக் கொண்டு ஆய்வு நடத்தி, கையெழுத்திட்ட அறிக்கை வாங்கிவிடுங்கள். பூச்சு எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, எங்கெங்கே விட்டுப் பிரிந்திருக்கிறது, தளத்தின் வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) சரியா, தண்ணீர் எங்கே தேங்குகிறது, கைப்பிடிச் சுவரின் மூலையிலும் வடிகுழாயைச் சுற்றியும் பூச்சு மேலேறியிருக்கிறதா என்பவை அந்த அறிக்கையில் வர வேண்டும். பூச்சில் கொஞ்சத்தை வெட்டியெடுத்து, சாட்சிகள் கையெழுத்தோடு உறையிலிட்டு வையுங்கள். பொருளே தரக்குறைவு என்பது சோதனை இல்லாமல் தெரியாது என்றால், பிரிவு 38-இன்படி நுகர்வோர் ஆணையமே மாதிரி எடுத்து முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்.

அறிக்கை கைக்கு வந்துவிட்டால் பழுது பார்க்கலாம், வழக்கு முடியும்வரை நனைய வேண்டியதில்லை. சொல்லப்போனால், ஒழுகட்டும் என்று விட்டுவைப்பதுதான் ஆபத்து. ஒப்பந்தச் சட்டம், 1872-இன் பிரிவு 73, இழப்பைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதுவரை தார்ப்பாய் போட்டு மூடுங்கள், காரை வேறு இடத்தில் நிறுத்துங்கள். தார்ப்பாய் வாங்கிய பில்லையும் பத்திரப்படுத்துங்கள், அதையும் கேட்கலாம்.

இருவரில் யார் மேல் வழக்கு? இரண்டு பேர் மேலும்தான். ஒருவரை விட்டுவிட்டால், இருப்பவர் இல்லாதவர் மேல் பழியைப் போட்டுத் தப்பிப்பார். ஒப்பந்ததாரர் பொருளையும் சேர்த்துத் தந்திருப்பதால் "மெட்டீரியல் சரியில்லை" என்பது உங்களிடம் அவர் சொல்லக்கூடிய பதிலே அல்ல. நிறுவனத்தின் விளம்பரத்திலோ கையேட்டிலோ "இத்தனை ஆண்டு உழைக்கும்" என்று போட்டிருந்தால் அதை விடாதீர்கள். தகுந்த சோதனை இல்லாமல் பொருளின் ஆயுளுக்கு உத்தரவாதம் தருவது நியாயமற்ற வணிக நடைமுறை. சோதனை செய்துதான் சொன்னோம் என்று நிரூபிக்கும் சுமை அவர்களுடையது.

காரின் பெயின்ட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 'தயாரிப்புப் பொறுப்பு' (குறையுள்ள பொருளால் வரும் தீங்குக்கான பொறுப்பு) என்ற தலைப்பில் கேட்கச் சொல்லி யாராவது ஆலோசனை தரலாம். அந்தத் தலைப்பில் வரும் 'தீங்கு' என்பதன் விளக்கம், வாரண்டியை மீறியதால் சொத்துக்கு ஏற்படும் சேதத்தை விலக்கி வைத்திருக்கிறது. அதனால் சேவைக் குறைபாட்டுக்கான இழப்பீடாகவே கேளுங்கள். பெயின்ட் வேலைக்கான மதிப்பீட்டை ஒரு சர்வீஸ் நிலையத்தில் எழுதி வாங்கி இணையுங்கள்.

மற்றவை எளிது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான், 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை (எங்கள் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறேன்). எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள் கிடைக்கும். அதற்கு மேல் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. வழக்குக்கு முன் சமரசம் பேசிப் பார்க்க விரும்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இனி, அடுத்து எந்த மெட்டீரியல் என்ற கேள்வி. நான் பொறியாளன் அல்ல. ஆனால் இந்த மாதிரி கோப்புகளைப் புரட்டியதில் ஒன்று தெரியும். பின்னால் அளந்து பார்க்க முடிகிற பொருளுக்குத்தான் வழக்கில் மரியாதை. வாளியிலிருந்து ரோலரால் பூசும் அக்ரிலிக், பாலியூரித்தேன் வகைகளில் இரண்டு கோட்டுக்குப் பதில் ஒன்றரைக் கோட்டு போட்டால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அந்த வகையைத் தேர்ந்தெடுத்தால், சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ, எத்தனை கோட்டு, காய்ந்தபின் எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் காலி வாளிகளை எண்ணி, பேட்ச் எண்ணோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிலோ உள்ளே போனது என்பதற்கு அதைவிட எளிய சாட்சி இல்லை.

சூடுகாட்டி ஒட்டும் தார் மெம்ப்ரேன் ஷீட்டில் இந்தத் தொல்லை குறைவு. 3 மி.மீ. அல்லது 4 மி.மீ. என்று சுருளிலேயே இருக்கும், ஓரத்தை வெட்டி அளந்துவிடலாம். ஒரு ஷீட்டின் மேல் அடுத்த ஷீட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். பக்கவாட்டில் 100 மி.மீ., முனையில் 150 மி.மீ. என்பது பரவலான வழக்கம், அதை எழுதிக்கொள்ளுங்கள். தளம் ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் கொப்புளம் கிளம்பும், ஆகவே வேலை நடந்த நாட்களின் படமும் வேண்டும்.

எந்தப் பொருளானாலும் வாட்டம் சரியில்லாத தளத்தைக் காப்பாற்றாது. வாரண்டி அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தில் "தண்ணீர் தேங்கும் இடங்களுக்குப் பொருந்தாது" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முதலில் கொத்தனாரை வைத்து வாட்டத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் பூச்சு. வடிகுழாயை அடைத்து, தளத்தில் தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் விட்டு, கீழே ஓதம் இறங்கவில்லை என்று பார்த்தபின்தான் கடைசித் தவணை. இந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதவே வேண்டியிருந்திருக்காது.

ஷீட் கூரை போடுவதானால், தடிமன் விஷயத்தில் ஏமாறாதீர்கள். 0.5 மி.மீ. என்றால் பூச்சோடு சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். இரண்டும் ஒன்றல்ல. ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷரின் வகையையும் குறிப்பிடச் சொல்லுங்கள், ஷீட் கூரை முதலில் ஒழுகுவது அங்கேதான். குளிர்ந்த அதிகாலையில் ஷீட்டின் அடியில் நீர் கோத்துச் சொட்டுவது கசிவு அல்ல, காற்றின் ஈரம். அதற்காகப் புகார் போட்டால் தோற்பீர்கள்.

மேலே புதுக் கூரை எழுப்புவதற்கு உள்ளாட்சி அனுமதி தேவையா என்று வேலை தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள். கூரையின் தாழ்வாரத் தண்ணீர் உங்கள் எல்லைக்குள்ளேயே விழும்படி நீர்த்தாரை அமைக்கச் சொல்லுங்கள். உங்கள் கூரையில் சேரும் மழைநீரைப் பக்கத்து மனையில் விழவைக்க உங்களுக்கு இயல்பாக உரிமை கிடையாது. அவர் தடையாணை கேட்டு சிவில் நீதிமன்றம் போனால், இங்கே புகார்தாரரான நீங்கள் அங்கே பிரதிவாதியாக நிற்க வேண்டியிருக்கும்.